ஐஸுக்குப் போர்த்திய சால்வை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மானேஜர் கேட்டார். அம்மோனியா எப்படிப் போகிறது, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் உறையும் டப்பாவை எப்படி இறக்குவது என்பதையெல்லாம் போர்மன் உங்களுக்குச் சொல்லித் தருவார். அதையே நானும் எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். நானே படிக்க மாட்டேன். ஆகவே, உருகிக்கொண்டிருக்கும் ஐஸை வைத்துக்கொண்டு நாலு பேர் நடுவில் நிற்கும்போது மனிதன் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். அப்படி நின்றவன் நான். நின்ற இடமும் தரை இல்லை, காவேரி நடுவில் ஓர் ஓடம்.

முப்பதுகளில் நடந்தது இது. திருச்சி கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஐஸ் பாக்டரியில் எனக்கு டெலிவரி வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஐஸை எல்லோருக்கும் காட்டுவதில் எனக்குப் பெருமை அதிகம். சோடாக் கடையானாலும் கிளப்பானாலும் பெட்டியைத் திறந்து, "பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு" என்பேன். ஒரு நாள் கடைசிக் கடையில் போய்த் திறந்தால் பெட்டியில் பாதிதான் இருந்தது. எங்கள் போர்மன் கோபமே படவில்லை. காலிப் பெட்டியின் மூடிமேல் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "காசிம், இனிமே இதைத் திறக்கணும்னா என்னை எறக்கிட்டுத் திற" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஐஸ் பெட்டியை யாராவது சும்மா திறப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் பதறும்.

ஆடி மாதத் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர் பாக்டரிக்கு வந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண், முகத்தில் ஒரே கவலை. என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"பாய், வைகாசியிலே எங்காத்துக் கல்யாணம் நடந்ததே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? அந்த வாரம் எங்கள் மெஷின் படுத்துவிட்டது. ஊரில் ஒரு துண்டு ஐஸ் கிடையாது.

"வெயில்னா அப்படி ஒரு வெயில். மாப்பிள்ளையோட பெரியப்பா மெட்ராஸ்காரர். ஐஸ் போட்டு ஏதாவது இருக்கான்னு வாய்விட்டுக் கேட்டார். இல்லைன்னு சொல்ல எங்களுக்கு நா எழலை. 'வந்துண்டே இருக்கு, வந்துண்டே இருக்கு'ன்னு கல்யாணம் முடியற வரைக்கும் சொல்லிண்டே இருந்தோம். மனுஷர் முகத்தைத் தூக்கி வச்சுண்டவர் இன்னும் எறக்கலை."

"ஒரு ஐஸுக்கா இவ்வளவு கோபம்?" என்றேன்.

"ஐஸுக்குத்தான். மாப்பிள்ளைக்குத் தகப்பனார் கிடையாது. அந்தப் பெரியப்பா வச்சதுதான் அங்கே சட்டம். என் பொண்ணு கோதையை இன்னும் புக்காத்துக்கு அழைச்சுண்டு போகலை. அப்புறம் பார்க்கலாம், ஆடி கழியட்டும்னு காகிதம் போடறா. ஆடி கழிஞ்சா என்ன சொல்லுவாளோ! குழந்தை பாட்டுக்கு வாசலைப் பார்த்துண்டு உட்கார்ந்திருக்கா. எனக்குப் பார்க்க முடியலை, பாய்."

 கோர்ட்டில் ஜட்ஜையே அதட்டுகிறவர் என்று பெயர் வாங்கியவர் அவர்.

விஷயம் இதுதான். தலை ஆடிக்கு மாப்பிள்ளை வருகிறார், கூடவே பெரியப்பாவும் வருகிறார். பதினெட்டாம் பெருக்கு அன்று முக்கொம்பிலிருந்து அம்மா மண்டபம் வரை ஓடத்தில் அழைத்து வந்து, மண்டபத்துப் படித்துறையில் காவேரிக்குப் பூஜை போட்டு, ஓடத்திலேயே எல்லோருக்கும் ஐஸ் போட்ட பானகம் கொடுக்க வேண்டும். கல்யாணத்தில் விட்டதை ஆற்றில் பிடிக்கப் பார்த்தார் வக்கீல். நான் சரி என்றேன். பிறகுதான் அவர் மெதுவாக இன்னொன்றைச் சொன்னார். பெரியப்பா ஆசாரக்காரர். பாக்டரித் தண்ணீரில் செய்த ஐஸைத் தொட மாட்டார்.

"அப்ப எந்தத் தண்ணியிலே செய்யறது?"

"காவேரித் தீர்த்தத்திலே. எங்காத்துத் தளிகைக்காரர் சடகோபன் கொண்டுவருவார். டப்பாவிலே அவரே விடுவார். மத்த யார் கையும் படப்படாது."

சமையல்காரர் சடகோபன் வந்தார். மடிசார் உடுத்திய பெண்களைவிட அதிக மடியாக இருந்தார். ஒரு புது டப்பாவைப் புளியும் சாம்பலும் போட்டு அவரே தேய்த்தார். குடத்திலிருந்த காவேரித் தண்ணீரை வடிகட்டி ஊற்றினார். டப்பா உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியபோது, "ஓய், அந்த உப்பு ஜலம் உள்ளே போகுமோ?" என்று கேட்டார். போகாது என்றேன். "அப்போ நீர் கொஞ்சம் தள்ளி நில்லும்" என்றார். அது என் பாக்டரி, என் தொட்டி. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் பாசுரம் சொல்லிக்கொண்டு தொட்டியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்தபோது என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் மெஷின் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மரியாதையைக் கண்டதில்லை. கட்டியும் மாசு மரு இல்லாமல் வந்தது.

அடுத்த சண்டை அதைச் சுற்றி வைப்பதில். ஐஸ் என்றால் உமியும் கோணியும்தான் நமக்குத் தெரியும். சடகோபன் கோணியைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார். "இது எந்தக் கடையிலே, எத்தனை பேர் காலிலே கிடந்ததோ! உவ்வே!" கடைசியில் வாழையிலையில் சுற்றி, பெட்டிக்குள் வைக்கலாம் என்று முடிவாயிற்று. பெட்டி நல்ல தேக்குப் பெட்டி, உள்ளே தகரம் அடித்தது, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உள்ளது. திறக்காமல் வைத்தால் சாயங்காலம் வரை தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

பதினெட்டாம் பெருக்கு அன்று ஆறு இரு கரையும் தொட்டுப் போயிற்று. இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் எல்லோரும் பட்டுப் புடவை. புளியோதரை வாசனை தூக்கியது. மாப்பிள்ளை நல்ல பையன். ஓரக்கண்ணால் கோதையைப் பார்ப்பதும், பெரியப்பா திரும்பினால் தென்னை மரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். கோதை மஞ்சள் சரட்டைத் திருகிக்கொண்டு பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா நடுவில், மெத்தை போட்ட பெஞ்சில். ஆடிக் காற்று ஆகாது என்று கழுத்து வரை ஒரு தடித்த காஷ்மீர் சால்வையைச் சுற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். வக்கீல் தண்ணீரைக் காட்டிப் பேசினார், கோபுரத்தைக் காட்டிப் பேசினார். "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ஐஸ் பெட்டி ஓடத்தின் முன்பக்கம், சடகோபன் காவலில். நான் பின்பக்கம், ஓடக்காரர் மாரிமுத்துவோடு. என்னை அங்கே உட்கார வைத்ததும் சடகோபன்தான்.

பாதி வழி தாண்டியிருக்கும். பலகைக்கு அடியில் தேங்கிய தண்ணீரைச் செம்பால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்த மாரிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"பாய், ஓடத்துல ஓட்டை கீட்டை ஒண்ணும் இல்லீங்க. ஆனா தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு."

"ஆத்துத் தண்ணி பலகை இடுக்குல வருதோ என்னமோ."

"ஆத்துத் தண்ணி இப்படி இருக்காதுங்க. காலை வச்சுப் பாருங்க, சில்லுனு ஏறுது."

காலை வைத்தேன். அந்தக் குளிர்ச்சி நேராக என் மண்டைக்குப் போயிற்று. அது ஆற்றுத் தண்ணீர் இல்லை. என் ஐஸ்.

பலகை ஓரமாக ஓடினேன். அங்கே நான் கண்ட காட்சியை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஓடம் குறுகல். போகிற வருகிறவர்கள் கால் பெட்டியில் படும், புடவை படும், துடுப்புக்காரன் கை படும். ஒவ்வொரு தடவை யார் பட்டாலும் சடகோபன் பெட்டியைத் திறந்து, இலையை விலக்கி, ஒரு சொம்பு காவேரித் தீர்த்தத்தை மொண்டு ஐஸ் தலையில் விட்டுத் தீட்டுக் கழித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அதுதான் வேலை. ஐஸுக்கு அவர் நாள் முழுக்க ஸ்நானம் பண்ணி வைத்திருக்கிறார்! முழுக் கட்டி போய், மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது.

"என்ன செய்யறீங்க நீங்க!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் கத்தத்தான் வரும். இன்னும் நாலு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவர் கையைப் பார்த்தேன். குளிரில் விரலெல்லாம் சிவந்து விறைத்துப் போயிருந்தன.

"எங்காத்துக் குழந்தை வாழணுமே ஓய். ஒரு அபசாரமும் வந்துடப்படாதேன்னு பார்த்துப் பார்த்துப் பண்றேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரை நான் எப்படித் திட்டுவது?

"இனிமே தண்ணி ஊத்தாதீங்க."

"தொட்டது தொட்டபடி பூஜையிலே காவேரிக்குக் கண்டருளப் பண்ண முடியாது. அதுக்கு இதை ஆத்துலேயே போட்டுடலாம்."

வக்கீல் வந்து எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அம்மா மண்டபம் போய்ச் சேர இன்னும் வெகு தூரம். படித்துறையில் பூஜை ஆகாமல் பெரியவர்கள் வாயில் பானகம் படாது. இந்தக் கணக்கில் போனால் பூஜை முடியும்போது பெட்டியில் இலைதான் இருக்கும். வக்கீல் என் காதருகே குனிந்தார்.

"மூச்சு விடாதேயும். யாராவது கேட்டா, கரையிலே வேற ஐஸ் வந்துண்டே இருக்குன்னு சொல்லிக்கலாம்."

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். "வந்துண்டே இருக்கு." கல்யாணத்தில் குடியைக் கெடுத்த அதே வார்த்தை. பயம் வந்தால் படித்தவரும் படிக்காதவரும் முதலில் எடுக்கிற வார்த்தை அதுதான். நானும் எத்தனை சோடாக் கடையில் சொல்லியிருக்கிறேன்! ஆனால் அன்று அந்தப் பக்கம் பெண்கள் நடுவில் கோதை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. 

சடகோபனிடம் ஒன்று கேட்டேன். "சாமி, யார் தொட்டாலும் தீட்டே ஒட்டாத துணின்னு ஒண்ணு உங்க சாஸ்திரத்துல இருக்கா?"

"ஏன் இல்லாம? பட்டும் கம்பளியும் இருக்கே. அது எப்பவும் மடிதான்."

ஓடம் நிறையப் பட்டு இருந்தது, எல்லாம் பெண்கள் உடம்பில் இருந்தது. தவிர, பட்டு மெல்லிசு, ஐஸுக்கு உதவாது. கம்பளி என்றால் கதையே வேறு. வெளிச் சூட்டை உள்ளே விடாது. சடகோபன் சாஸ்திரமும் நம் தொழிலும் சொல்லி வைத்தாற்போல் ஒரே துணியில் வந்து நின்றன. சந்தோஷத்தில் நான் சுற்றிலும் பார்த்தேன். அந்த ஓடத்தில் கம்பளி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பெரியப்பாவின் கழுத்தைச் சுற்றி இருந்தது.

வக்கீல் நான் பார்த்த திசையைப் பார்த்தார். "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்றார்.

நான் போனேன். பெரியவர் எதிரில் கொஞ்சம் தள்ளி நின்று கைகூப்பினேன். 

"ஐயா, நான் ஐஸ்காரன் காசிம். உங்களுக்காகக் கொண்டுவந்த ஐஸ் கரைஞ்சுக்கிட்டு இருக்குங்க. இப்படியே விட்டா பூஜை வரைக்கும் தாங்காது. அதைச் சுத்தி வைக்க ஒரு கம்பளி இருந்தா பிழைக்கும். கம்பளி உங்ககிட்ட மட்டும்தான் இருக்குங்க."

 மாரிமுத்து துடுப்பை நிறுத்திவிட்டார். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கரையறதா?"

"ஆமாங்க. மூணுல ஒரு பங்குதான் மிச்சம்."

"இவா யாரும் சொல்லலையே?"

"பயப்படறாங்க, ஐயா."

"உமக்குப் பயம் இல்லையோ?"

"இருக்குங்க. ஆனா ஐஸ் காத்திருக்காதுங்களே."

பெரியவர் எழுந்தார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் கழுத்திலிருந்து சால்வையை ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று அவிழ்த்து, மடித்து, என் கையில் அல்ல, என் தோளில் போட்டார். "கம்பளிக்குத் தோஷம் ஏது? எடுத்துண்டு வாரும்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! ஈரத்தைத் துடைத்து, புது வாழையிலையாக அடுக்கி, அதன்மேல் சால்வையை இறுக்கிச் சுற்றி வைத்தோம். இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. ஒரு முனை சடகோபன், ஒரு முனை நான். எங்கள் இருவர் கையும் ஒரே துணியில் இருந்ததை அவர் கவனித்தாரோ இல்லையோ, ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மூடியதும் பெரியவர் அதன் பக்கத்திலேயே ஒரு மணையைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். சடகோபன் பழக்க தோஷத்தில் சொம்பை எடுத்தார். "சடகோபா, கீழே வையும்!" என்று ஓர் அதட்டல். ஒரு குழந்தை பெட்டியைத் தொட வந்தது. "அப்பாலே போ!" வக்கீல் எட்டிப் பார்த்தார். "நீரும்தான்!" மெட்ராஸிலிருந்து வந்த பெரியவர் ஐஸ்காரராகிவிட்டார். அது அவருடைய ஐஸ். காற்றில் தும்மினார், மூக்கை உறிஞ்சினார், நகரவில்லை. ஓடத்தில் மெல்லப் பேச்சு வந்தது, பேச்சிலிருந்து சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை தென்னை மரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

அம்மா மண்டபத்தில் தேர்த் திருநாள்போல் கூட்டம். பெண்கள் மஞ்சளும் காதோலை கருகமணியும் ஆற்றில் விட்டு, விளக்கு ஏற்றிப் பூஜை முடித்தார்கள். எல்லோரும் ஓடத்துக்குத் திரும்பியதும் பெரியவரே பெட்டியைத் திறந்தார். இலையைப் பிரித்தார். இருந்தது! ஒரு தேங்காயைவிடப் பெரிதாக, முத்துப்போல் ஐஸ் இருந்தது. சடகோபன் கை தட்டிவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு ஆற்றில் குதித்திருப்பேன், நீச்சல் தெரியாததால் குதிக்கவில்லை.

உடைத்துப் பானகத்தில் போட்டு, கோதை முதல் டம்ளரைப் பெரியவரிடம் கொண்டுபோய் நீட்டினாள். டம்ளரில் ஐஸ் கலகலத்தது. அவர் வாங்கி, அண்ணாந்து ஒரு சொட்டு வாயில் விட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

வக்கீலுக்கு உயிர் போய்விட்டது. "ஸ்வாமி, நன்னா இல்லையா?"

"பேஷா இருக்கு. எனக்கு ஐஸ் ஒத்துக்காது. ரெண்டு மடக்கு குடிச்சா மார்ச்சளி."

"அப்போ கல்யாணத்துல கேட்டேளே?"

"என்னோட வந்த பதினைஞ்சு பேரும் வெயில்லே வதங்கிண்டிருந்தா. அவாளுக்காகக் கேட்டேன். இல்லைன்னா இல்லைன்னு ஒருத்தர் வந்து சொல்லியிருந்தா இளநீர் வெட்டச் சொல்லியிருப்பேன். நீங்க யாரும் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலை. வீட்டுக்கு மூத்தவன்கிட்டே உண்மையைச் சொல்லப் பயப்படற இடத்திலேயா சம்பந்தம் பண்ணிண்டோம்னு நினைச்சேன். இன்னிக்கு இந்த பாய் வந்து சொன்னார். அது போறும் எனக்கு."

வக்கீல் தலைகுனிந்து நின்றார். பெரியவர் அவர் தோளைத் தட்டினார். பிறகு கோதையைப் பார்த்தார்.

"ஆவணி பிறந்ததும் நம்மாத்துக்கு வரயாம்மா? அங்கே நான் வச்ச சட்டம். எல்லாரும் வெந்நீர்தான் குடிக்கணும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஒரு கணம் யோசித்தாள். பயப்படலாமா வேண்டாமா என்று யோசித்தாள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு நிமிர்ந்து, பெரியவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"வரேன் மாமா. ஆனா எனக்கு வெந்நீர் பிடிக்காது."

பெரியவர் தும்மலுக்கு நடுவில் சிரித்த சிரிப்பில் ஓடமே ஆடியது. அவள் கையிலிருந்த ஐஸ் பானகத்தை அவளே குடித்துக்கொள்ளச் சொன்னார்.